கப்பல் கிடக்கும் இடத்தின் பெயர்

அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை வாய் திறந்து சொன்னதற்கே என் அண்ணனின் படகில் ஓர் இடம் காலியாகிவிட்டது. அந்த இடத்தில் பல வருடங்களாக இருந்து தூண்டில் போட்ட மனிதர் இப்போது வேறு யாருடைய படகிலோ போகிறார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. செய்தது நான்.

திருகோணமலை நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். எதையும் விளக்கிச் சொல்லாமல் இருக்க எனக்கு முடியாது. அண்ணனின் குடும்பமும் நானும் ஒரே வேலிக்குள், ஒரே வளவில்தான் இருக்கிறோம். மச்சாள், அதாவது அண்ணனின் மனைவி, குசினியில் இருந்து உப்பு கேட்டால்கூட உப்பு என்ற சொல்லின் பூர்வீகத்தைத் தொடங்கிவிடுவேன். "முதல்ல உப்பைத் தாங்கோ டீச்சர், பிறகு கதையுங்கோ" என்பார் மச்சாள். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த காலத்தில் பிள்ளைகளுக்காகப் போனில் சின்னச் சின்ன வீடியோக்கள் போடத் தொடங்கினேன். வாரத்துக்கு ஒரு சொல். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் நிறுத்தவில்லை. பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான், அதிலும் வெளியூர்க்காரர்கள்தான், அதிகம் பார்த்தார்கள், பாராட்டினார்கள். பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிப்பானேன்?

கடற்கரையில் வெள்ளைக்காரர்களைக் கடலுக்கடியில் சுழியோடக் கூட்டிப்போகும் கடை ஒன்று புதிதாக வந்தது. ஷிப்ரெக் காட்டுகிறோம் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, கீழே தமிழில் "கப்பல் விபத்து பார்க்கலாம்" என்று போட்டிருந்தார்கள். முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. நடந்து முடிந்த விபத்தை இப்போது எப்படி ஐயா போய்ப் பார்ப்பது? அடியில் கிடப்பது விபத்தா? தமிழுக்குச் சொல் இல்லாமல் போய்விட்டதா? அந்தக் கோபத்தோடுதான் அந்த வாரத்துச் சொல்லை எடுத்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்ற நினைப்பு வேறு.

ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. கப்பல் அழிந்த சம்பவமும் ஷிப்ரெக்தான், அழிந்த பிறகு அடியில் கிடக்கும் உடலும் ஷிப்ரெக்தான். தமிழுக்கு அப்படி அடங்காது. எங்களுக்குக் கப்பல் எப்படிப் போனது என்று சொல்லியாக வேண்டும். பாறையில் மோதிப் பிளந்தால் உடைந்தது. காற்றில் புரண்டால் கவிழ்ந்தது. ஆழம் குறைந்த இடத்தில் ஏறி நின்றால் கரை தட்டியது. தண்ணீர் ஏறி முழுசாக அடிக்குப் போனால், எழுதும்போது மூழ்கியது, கதைக்கும்போது "தாண்டு போச்சு." பழைய தமிழில் கப்பலுக்குக் கலம் என்றொரு பெயர் உண்டு. சோறாக்கும் பாத்திரத்துக்கும் அதே பெயர்தான். கலம் கவிழ்ந்தது என்றால் கடலிலும் நஷ்டம், அடுப்படியிலும் நஷ்டம்.

ரெக் என்ற துண்டு வடகடல்காரர்கள் பேசிய பழைய மொழிகளில் இருந்து வந்தது என்கிறார்கள். அடித்துத் தள்ளுவது, துரத்துவது என்று பொருள்படும் வினைக்கு அது உறவு. ஆரம்பத்தில் அது கப்பலையே குறிக்கவில்லை. கடல் தள்ளிக்கொண்டு வந்து கரையில் எறிந்த சாமான்தான் ரெக். இங்கிலாந்தில் அது அரசனுக்குச் சேரும். ஆனால் அந்தக் கப்பலில் இருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பியிருந்தால், அதை ரெக் என்று சொல்லக்கூடாது, உரிமையாளர் வந்து கேட்கலாம் என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. சாமான்களுக்கும் தனித்தனிச் சொற்கள். தானாக மிதந்து வந்ததற்கு ஒன்று. பாரம் குறைக்க மாலுமிகள் எறிந்ததற்கு ஒன்று. பிறகு வந்து எடுப்போம் என்று மிதப்புக் கட்டி அடியில் விட்டதற்கு இன்னொன்று. இங்கே வந்துபோன போர்த்துக்கேயரின் சொல்லைப் பிரித்தால் கப்பலும் உடைதலும் ஒட்டிக்கொண்டு இருக்கும். அவர்களிடம் கதிரையும் அலுமாரியும் வாங்கிய நாங்கள் அந்தச் சொல்லை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டோம்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நல்ல வீடியோவாக முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டிலேயே இதைவிட நல்ல சொல் ஒன்று இருக்கிறதே என்று தோன்றியது.

கடலுக்குப் போகிறவர்கள் தாண்டுபோன கப்பலைக் கப்பல் என்றே சொல்வதில்லை. கடலடியில் மீன் அடைகிற கல்லுக்கும் மேட்டுக்கும் பார் என்று பெயர். கப்பலும் அவர்களுக்கு ஒரு பார்தான். எங்கள் அப்பா அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். எந்தக் கப்பல், யாருடையது, எப்போது போனது என்று அவருக்குத் தெரியாது, அறிய ஆசையும் இல்லை. அது உடையாமல் முழுசாக இறங்கியிருக்கிறது, அதனால்தான் அதன் வயிற்றுக்குள் கலவாயும் விளைமீனும் குடும்பம் நடத்துகின்றன என்பார். மற்ற இடங்களில் மீன் இல்லாத நாட்களில்தான் அங்கே போவார். அந்தக் கப்பல்தான் எங்களைப் படிக்க வைத்தது.

இப்படியான இடங்களுக்குப் பெயர் வைக்கும் முறையே வேறு. பெயர்தான் வழி. கடலில் இருந்து பார்க்கும்போது கரையில் உள்ள இரண்டு அடையாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று வந்து நிற்கும் ஒரு கோடு இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்துப் பெயராக்கிவிடுவார்கள். விளங்குவதற்காக ஒரு பொய்ப் பெயர் சொல்கிறேன். கோபுரப்பனை என்றால், ஒற்றைப் பனைமரம் கோயில் கோபுரத்தை மறைக்கும் கோட்டில் படகு போக வேண்டும். அந்தக் கோடும் ஆழமும் தெரிந்தால் இடம் கைக்கு வந்துவிடும். ஆகவே பெயரை வெளியே சொல்வதில்லை. எந்த வீட்டின் பெயர் அந்த வீட்டோடு. மீன் எங்கே பட்டது என்று கரையில் கேட்டால் "உதில, கல்லுக்க", அதாவது இங்கே எங்கேயோ கல்லுக்குள், என்பார்கள், கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அண்ணனின் படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. இந்த ஓர் இடத்தை மட்டும் அவர் அதில் பதியவில்லை. கருவி கைமாறும், திருத்தக் கொடுக்க வேண்டிவரும் என்பது அவர் கணக்கு.

அப்பா போன பிறகு அந்தப் பெயர் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டு ஆட்களும் முஸ்லிம் ஊரான கிண்ணியாவில் இருந்து வரும் அண்ணனின் கூட்டாளியும்தான். அவர் இளவயதில் அப்பாவோடு கடலுக்கு வரத் தொடங்கியவர். அண்ணனும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுவார்கள். நோன்பு மாதத்தில் அண்ணன் படகில் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கமாட்டார். கரைக்கு வந்து வீட்டுப் படலையைத் தாண்டிய பிறகுதான் ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார். எங்கள் வீட்டு நல்லது கெட்டதில் அந்தக் கூட்டாளி இல்லாத நாள் எனக்கு ஞாபகம் இல்லை.

வீடியோ எடுக்கப் புதுச் சேலை கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மீன்பெட்டி ஒன்றின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன். கலம், கவிழ்தல், ரெக், நாய், பூனை எல்லாம் சொல்லி முடித்து, "ஆனால் எங்கள் மீனவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள்" என்று அதையும் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? திரும்பி நின்று, இதோ இது, அதோ அது என்று இரண்டு அடையாளங்களையும் விரலால் காட்டினேன். சாவுக்கும் நஷ்டத்துக்கும் மற்ற மொழிகள் பெயர் வைத்தபோது நாங்கள் வழிக்குப் பெயர் வைத்தோம் என்று ஒரு முத்தாய்ப்பு வேறு. ஆட்கள் கொண்டாடினார்கள். ஒருவர் கீழே மிக மரியாதையாக, "அருமை டீச்சர், அது எவ்வளவு ஆழத்தில் இருக்கும்?" என்று கேட்டிருந்தார். டீச்சர் என்று கேட்டால் பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. கயிற்றைக் கை விரித்து அளந்து அப்பா சொல்லும் பாகக் கணக்கை அப்படியே எழுதினேன்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் நேரத்தோடு கரைக்கு வந்துவிட்டார். பெட்டி வெறுமை.

"எங்கட இடத்தில வேற போட் நிக்குது" என்று மச்சாளிடம் சொன்னார். "அடையாளக் கோட்டைப் பிடிச்சுத்தான் வந்திருக்கிறாங்கள். சும்மா வந்து விழுந்த ஆக்கள் இல்லை."

நான் என் அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. வீடியோவை அழித்தேன், ஆழம் கேட்டவருக்கு எழுதியதையும் அழித்தேன். அழித்துவிட்டு வெளியே வந்து, ஒன்றும் அறியாதவள் போல என்ன அண்ணா என்று கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் தூண்டிலோடு வரவில்லை. டைனமைட் போட்டார்கள். கடலில் நின்ற அண்ணனுக்குப் படகின் பலகை அதிர்ந்ததாம். செத்த மீன் வெள்ளையாக மிதந்ததாம். மீன் முடிந்ததும் இரும்புக்கும் பித்தளைக்கும் ஆட்கள் சுழியோடி இறங்கினார்கள். தகடு தகடாக வெட்டி ஏற்றினார்கள். "உடைச்சுப்போட்டாங்கள்" என்றார் அண்ணன். இத்தனை காலம் அடியில் முழுசாக இருந்த கப்பல் அது. அதற்கு உடைதல் என்ற சொல் பொருந்தவே இல்லை. நான் பேசிய பிறகுதான் பொருந்தியது.

படகில் பங்குள்ள சித்தப்பா வந்து முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். கோபக்காரர். இந்தப் பெரிய போன்களைத் தொடாதவர்.

"வீட்டு ஆக்கள் ஒருத்தரும் வாய் துறக்கமாட்டம். அப்ப மிச்சம் ஆர்? சொல்லு பாப்பம்" என்றார்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றேன். நான்தான் சித்தப்பா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவளுக்கு அந்த ஒரு மூச்சு வரவில்லை. சித்தப்பா தேநீரைக் குடித்தார். அன்று மாலை அண்ணன் போனை எடுத்துக் கிணற்றடிக்குப் போனார். "நாளைக்கு வர வேண்டாம் மச்சான்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. மறுமுனையில் இருந்தவர் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அண்ணன் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

சின்ன ஊரில் கதை பரவ எவ்வளவு நேரம்? கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு பெண், "கிண்ணியாக்காரரைப் போட்டில வைச்சிருந்தா வேற என்ன நடக்கும்" என்றாள். சண்டைக் காலத்தில் கூட அண்ணனும் அவரும் ஒரே படகில்தான் போனவர்கள். அதை அவளுக்குச் சொல்லலாம். அவர் செய்யவில்லை என்றும் சொல்லலாம். அப்படியானால் யார் என்று கேட்பாளே. என் மானம் கப்பலேறிவிடும் என்ற பயத்தில் அவருடைய மானத்தை ஏற்றி அனுப்பினேன். தேங்காயை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தேன்.

வகுப்பில் படிப்பிக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. "என்ன, சுகமில்லையோ?" என்று மச்சாள் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு பின்னேரம் அண்ணன் வேப்ப மரத்தடியில் இருந்து தூண்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது போய் எதிரே நின்றேன்.

"அண்ணா, அவர் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்."

அண்ணன் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"நீ போடுறதெல்லாம் நான் பாக்கிறனான். வீடியோ வந்த அண்டைக்கே பாத்தனான். அதுக்குள்ள எத்தனையோ பேர் பாத்திட்டாங்கள், அழிக்கச் சொல்லி என்ன?"

என் வீடியோக்களை அண்ணன் திரும்பியும் பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒரு தடவையும் அவற்றைப் பற்றிப் பேசியதில்லை.

"அப்ப ஏன் அவரை..."

"சித்தப்பாவுக்கு ஆரையாவது சொல்லவேணும். உன்னைச் சொன்னா இந்தக் கரையில நீ தலை காட்ட ஏலுமோ? டைனமைட் போட்ட பிறகு எல்லாற்ற வயித்திலயும்தானே மண். உன்னை வீட்டை விட்டு இறக்க ஏலாது. அவனை இறக்க ஏலும். இறக்கினன்." கயிற்றின் நுனியை முடிந்துவிட்டு, "நித்திரை வருகுதில்லை" என்றார்.

சித்தப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், கூட்டாளியிடமும் நானே போய்ப் பேசிக் கூட்டிவருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அண்ணன் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் அன்றைக்கே போனேன். வாங்க வேண்டியதை வாங்கினேன். அவர் என்னோடு இன்னும் கதைப்பதில்லை. சனிக்கிழமை பஸ் ஏறிப் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன்.

கூட்டாளி வீட்டில்தான் இருந்தார். அவருடைய மனைவி பிளேன் டீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். இப்போது இன்னொருவரின் படகில் நாள் கூலிக்குப் போவதாகக் கூட்டாளி சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ, பெயர், விரலால் காட்டியது, ஆழம், தேநீர்த் தட்டோடு வாயை மூடிக்கொண்டு நின்றது. அழுதேன். அவருக்குக் கோபம் வந்தது, அடங்கியது, இரண்டும் முகத்தில் தெரிந்தன.

"நீங்க வேணுமெண்டு செய்யல்லயே டீச்சர்" என்றார். "ஒரு சொல்லைக் கண்டா நீங்க சும்மா இரிக்க மாட்டீங்க, சின்னதில இருந்தே அப்பிடித்தான். வாப்பா மாதிரி இருந்த மனிசன்ட மகள் நீங்க, உங்களோட என்ன கோவம்."

"அண்ணாவில?"

"மச்சான் என்னில சந்தேகப்பட்டுட்டார். மனம் நொந்துதான். ஆனா அந்த இடம் போன கவலையில ஆருக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்திரிக்கும். ஒரு நாளைக்கி அவருக்கே விளங்கும் எண்டு நெனச்சிட்டுத்தான் இரிக்கன். இப்ப விளங்கிட்டுத்தானே? நாளண்டைக்கு வாறன் எண்டு சொல்லுங்க."

அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். காரியம் முடிந்துவிட்டது. என் பிழை மன்னிக்கப்பட்டாயிற்று, அவருடைய இடம் அவருக்குக் கிடைத்தாயிற்று. ஆனால் அண்ணன் தன்னைச் சந்தேகப்பட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அது உண்மை இல்லையே. நல்ல செய்தி சொல்கிறேன் என்ற சந்தோஷத்தில் சொன்னேன்.

"ஐயோ, அண்ணா உங்களை ஒரு நிமிஷமும் சந்தேகப்படேல்லை. நீங்கள் இல்லை, நான்தான் எண்டு அவருக்கு முதல் நாளே தெரியும்."

அவர் பனங்கட்டித் துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"தெரியுமா?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அண்ணன் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார், நித்திரையில்லாமல் கிடக்கிறார் என்று மேலும் விளக்கிக்கொண்டே போனேன். அவர் முழுவதையும் கேட்டார். அவருடைய மனைவி வாசற்சீலையைப் பிடித்தபடி நின்றார்.

"சந்தேகப்பட்டு இறக்கினா நான் வந்திருப்பன் டீச்சர்" என்றார் கடைசியில். "தெரிஞ்சிக்கிட்டு இறக்கின போட்டில என்னெண்டு திரும்ப ஏறுற?"

பஸ் நிற்கும் இடம்வரை என்னோடு நடந்து வந்தார். பஸ் வரும்வரை நின்றார். மச்சாளைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அண்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் குளித்து, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியே எடுத்து வைத்திருந்தார். பின் இருக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்? வாறானாமோ?" என்றார். "நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன். அப்பிடித்தானே மரியாதை."

"போகாதேங்கோ அண்ணா. அவர் வரமாட்டார்."

"சந்தேகப்பட்டுட்டன் எண்டு கோவமோ? அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். அவன் என்னை மன்னிப்பான்."

"நீங்கள் சந்தேகப்படேல்லை எண்டு அவருக்குத் தெரியும்."

அண்ணனின் கையில் துணி அப்படியே நின்றது.

"ஆர் சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

அவர் என்னை ஏசவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பி வளவுக்குள் உருட்டிக்கொண்டு போனார்.